மூன்றாம் ஓலை

பென்னலூர்
18.8.2025

அன்புள்ள கனகாவுக்கு,

ஷாரோன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுசாகப் படி. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். உன் சுகத்துக்கும் ஜெபம் செய்கிறேன். போனில் என்னை பிளாக் பண்ணி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரரை பிளாக் பண்ண முடியாது இல்லையா, அதனால் நம் லைன் பாண்டிச்செல்வியிடம் உன் விலாசம் வாங்கினேன். அவள் தர மாட்டேன் என்றுதான் சொன்னாள். கெஞ்சி வாங்கினேன்.

கம்பெனி அப்படியேதான் இருக்கிறது. அதே செல்போன் சார்ஜர் வேலை, அதே நீலக் கோட்டு, காலை மீட்டிங்கில் தினம் ஒருத்தி மைக்கைப் பிடித்து வாசிக்கும் அதே உறுதிமொழி. நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது திண்டிவனத்துப் பெண் ஒருத்தி. நான் லைன் லீடராகவே இருக்கிறேன். பெரிய சுகம் ஒன்றும் இல்லை, திட்டு மட்டும் இரண்டு மடங்கு.

எனக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை பெயர் சாம்சன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை, நல்ல மாதிரி. எங்கள் சர்ச் வழக்கம் உனக்குச் சொல்லியிருக்கிறேனே, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஆயர் சபையில் கேட்பார். முதல் ஓலை இந்த மாசக் கடைசி ஞாயிறு. மூன்றாவது செப்டம்பர் பதினான்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகத் தொண்டையில் என்னவோ அடைத்த மாதிரி இருக்கிறது. சோறு விழுங்கினால் பாதி வழியில் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது. கோட்டின் கழுத்துப் பட்டனைப் போட முடியவில்லை. கழுத்து மட்டும் பெருக்கிறது, உடம்பு துரும்பாக இளைக்கிறது. கை நடுங்கி ஸ்க்ரூவெல்லாம் கீழே போகிறது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் வேர்த்துக் கொட்டி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அம்மாவிடம் சொன்னால், "கல்யாணப் பொண்ணுன்னா அப்டிதான், பயந்துகினு கீற" என்கிறாள்.

உனக்குத் தைராய்டு என்று பாண்டிச்செல்வி சொன்னாள். எனக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இங்கே ரத்தம் கொடுக்க முடியாது. சாம்சனின் அக்கா லேபில் வேலை பார்க்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் எந்த லேபுக்குப் போனாலும் அவருக்கு அங்கே ஒரு சிநேகிதி இருப்பாள். பொண்ணுக்கு வியாதி என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், எல்லாம் முடிந்தது. அதனால் நீ சாப்பிடும் மாத்திரையில் ஒரு அட்டை எனக்கு அனுப்பு. நம் லைனில் ஒருத்தி மாத்திரை வாங்கினால் பத்துப் பேர் பிய்த்துத் தின்போமே, அப்படி நினைத்துக்கொள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே. ஏதோ வாய் தவறிவிட்டது.

என்றும் உன் சிநேகிதி,
ஷாரோன்


சங்கரன்கோவில்
25.8.2025

ஷாரோனுக்கு,

கனகலட்சுமி எழுதுவது. அன்புள்ள என்று போட வரவில்லை, போடவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தொண்டை அடைப்பதைப் பற்றி எத்தனை வரி, என்னைப் பற்றி ஒரே வரி. வாய் தவறிவிட்டதாம். தவறி விழுந்தது உன் வாயிலிருந்து, உடைந்தது நான். உனக்கு மறந்துபோயிருக்கும், நினைவுபடுத்துகிறேன்.

போன வருஷம் எனக்கும் இப்படித்தான் தொண்டை கனத்தது. உறுதிமொழி வாசிக்க என் முறை வந்தபோது மைக்கில் என் குரல் தவளை மாதிரி வந்தது. மொத்த ஷிப்டும் சிரித்தது. முதலில் சிரித்தவள் நீ. நானும் சிநேகிதிதானே என்று கூடச் சேர்ந்து சிரித்தேன், எவ்வளவு பெரிய மடச்சி பார். அப்புறம் உடம்பு ஊதியது. லைனில் உட்கார்ந்தபடியே கண் சொருகியது. மாசாமாசம் வருவதும் நின்றுபோனது. பயத்தில் கேன்டீனில் வைத்து உன்னிடம் மட்டும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஹாஸ்டல் வார்டன் ராஜம்மா என்னைக் கூப்பிட்டாள். "இன்னாமே, எத்தினி மாசம்?" என்றாள். பாத்ரூமில் கதவைச் சாத்த விடாமல் எதிரில் நின்று டெஸ்ட் எடுக்கச் சொன்னாள். ஒன்றும் இல்லை என்றுதான் காட்டியது. "இதெல்லாம் தப்பா கூட காட்டும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போன் போட்டாள். கதவுக்கு வெளியே நின்று எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வருகிற நீயும் அன்றைக்கு ஹாஸ்டலுக்கு வந்திருந்தாய், எங்கே நின்றாய் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இருங்காட்டுக்கோட்டையில் பஸ் ஏறியதும் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை மகாராஜா வீட்டில், "எங்களுக்கு எதுக்குவே இந்த வம்பு" என்று அப்பாவிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கையில் தண்ணீரைக் கொடுத்து, "முழுங்கு தாயி" என்று சொல்லி என் கழுத்தைப் பார்த்தார்கள். தைராய்டு குறைந்துபோய் வருகிற வியாதி. குரல் மாறியது, உடம்பு ஊதியது, மாசம் தள்ளியது எல்லாம் அதனால்தான். அப்பா அந்த ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனார். எல்லாரும் காப்பி கொடுத்தார்கள். ஒருத்தரும் வாங்கிப் படிக்கவில்லை.

அந்த வாரம் லைன் லீடருக்கு நம் இரண்டு பேர் பெயர்தான் சூப்பர்வைசர் கையில் இருந்தது. நான் போனேன், நீ ஆனாய். இதுவும் வாய் தவறித்தான் நடந்ததா?

மாத்திரை கேட்டாய். தபாலில் போட்டால் தொலைந்தாலும் தொலையும். நானே கையோடு கொண்டு வருகிறேன். மூன்றாம் ஓலை அன்றைக்கு வருகிறேன். யாருக்காவது காரணம் இருக்கிறதா என்று உங்கள் ஆயர் கேட்பாராமே, அதையும் கேட்டுவிட்டுப் போகிறேன்.

கனகலட்சுமி


பென்னலூர்
2.9.2025

அன்புள்ள கனகா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்னாலேயே இறங்கவில்லைதான், இப்போது தண்ணீரும் நிற்கிறது. உன் காலில் விழுகிறேன், சர்ச்சுக்கு வராதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்சன் கேட்டார், "இன்னா ஷாரோன், யாராச்சும் வரணுமா?" இல்லை என்றேன். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தேன். புது ஸ்டைலா என்று அவர் அக்கா கேட்டார்.

நீ நினைக்கிற மாதிரி நான் போய்ச் சொல்லவில்லை. ராஜம்மாதான் கம்பெனி கேட்டில் என்னைக் கூப்பிட்டு, "கனகா ஒடம்பு ஊதிக்கினே போவுதே, எதுனா விசயமா?" என்று கேட்டாள். நான், "இருக்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் கனகா. ஆமாம் என்று சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னேன். லீடர் போஸ்ட் மனசில் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை.

நீ திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். என் கல்யாணத்தில் கை வைக்காதே. மாத்திரையை மட்டும் கூரியரில் அனுப்பு. கை நடுங்குவது ரொம்ப அதிகமாகிவிட்டது, இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். படி ஏறினால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. ஒரு அட்டை போதும். உன்னைத் தவிர யாரையும் கேட்க முடியாது.

உன்,
ஷாரோன்


சங்கரன்கோவில்
16.9.2025

ஷாரோனுக்கு,

நேற்றுக் காலைதான் ஊர் வந்து சேர்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ ஊகித்துக்கொண்டே கிடக்கக் கூடாது, அதற்காக எழுதுகிறேன். என்னை நல்லவள் என்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் நம்பாதே.

கிளம்புவதற்கு முன்னால் என் மாதாந்திர செக்கப்புக்குப் போனேன். என் மாத்திரையை என் சிநேகிதி சாப்பிடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உனக்கு என்னென்ன செய்கிறது என்று கேட்டார்கள். கை நடுக்கம், இளைப்பு, படபடப்பு என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "உனக்குச் சுரப்பு கம்மி, அவளுக்குக் கூடுதல் மாதிரி தெரியுது. ரத்தம் பாத்தாத்தான் தெரியும். இத அவ தின்னா எரியிற அடுப்புல எண்ணெய ஊத்துன கததான். இருதயம் தாங்காது தாயி, குடுத்துராத" என்றார்கள்.

வெளியே வந்து மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஷாரோன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் சந்தோஷத்தில் கை கால் எல்லாம் சூடாகிவிட்டது. நீயாகவே கேட்டிருக்கிறாய். நான் ஒன்றும் பேச வேண்டாம். அட்டையை உன் கையில் வைத்தால் போதும், நீ நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாய். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அந்த அட்டையோடுதான் பஸ் ஏறினேன்.

சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாண்டிச்செல்வி கூட வந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ முன்னால் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய். உன் கை கழுத்துக்குப் போனது. அன்றைக்குப் பாத்ரூமில் ராஜம்மாவுக்கு எதிரில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது உன் முகம். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன், கண் நிறையப் பார்த்தேன்.

ஆயர் ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டானால் தெரிவிக்கலாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். எழுந்து நின்றெல்லாம் சொல்லக் கூடாதாம், ஆராதனை முடிந்து ஆயரிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டுமாம். பாண்டிச்செல்வி என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். எனக்கு என்ன தெரியும்? கேட்டார், எழுந்தேன்.

நீ எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதைச் சொன்னால் நீ அழுவாய், பொய் என்பாய், உன் ஜனங்கள் உன்னைத் தேற்றுவார்கள். எனக்கு அது போதாது. பையில் இருந்த அட்டையைக் கொடுத்தாலும் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும், அதுவும் போதாது. நீ எதை மூடி வைத்திருந்தாயோ அதைத் திறக்க வேண்டும். அதனால்தான், "அந்தப் பொண்ணு கழுத்துல இருக்க துணிய எடுக்கச் சொல்லுங்க. கைய நீட்டச் சொல்லுங்க, நடுங்கும். டாக்டருக்குத் தெரியாம என் மாத்திரையத் திங்கக் கேட்டு எழுதியிருக்கா. தின்னா செத்துருவா. மொதல்ல ரத்தம் பாருங்க, பெறகு தாலி கட்டுங்க" என்றேன்.

ஒருத்தி, சாம்சனின் அக்காவாகத்தான் இருக்கும், உன்னிடம் வந்து துப்பட்டாவை விலக்கியது வரைக்கும் பார்த்தேன். அப்புறம் வெளியே வந்துவிட்டேன். மரத்தடியில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று பாண்டிச்செல்வி வழியெல்லாம் திட்டினாள். சொல்லியிருக்கலாம்தான். எனக்கு மனசில்லை.

நீ சொன்னது பொய், நான் சொன்னது நிஜம். ஆனால் ஊரே பார்க்க நிற்பது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். எப்படி இருந்தது?

பதில் வேண்டாம்.

கனகலட்சுமி


பென்னலூர்
29.9.2025

கனகலட்சுமிக்கு,

பதில் வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

அன்றைக்கே அவர் அக்கா ரத்தம் எடுத்தார். எனக்குச் சுரப்பு அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. உன் மாத்திரையைத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். வேறு மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சாம்சன் காத்திருக்கிறேன் என்கிறார். அவர் அம்மா, "பாக்கலாம்" என்றார். ஒரே வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது.

அம்மா உன் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபம் செய்கிறாள், நீ என் உயிரைக் காப்பாற்றினாயாம். எனக்கு உன் பெயரைக் கேட்டால் வயிறு எரிகிறது. சபையில் ஒருத்தர்கூட இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கழுத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

போன திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் உறுதிமொழி வாசிக்க வேண்டிய பெண் வரவில்லை. நான் மைக்கை வாங்கினேன். "கனகலட்சுமிக்கு அப்டி ஒண்ணும் இல்ல. அவளுக்குத் தைராய்டு. வார்டன் கேட்டப்ப இருக்கலாம்னு சொன்னது நான்தான், லீடர் போஸ்ட்டுக்காக சொன்னேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து மைக்கைப் பிடுங்கினார். இப்போது நான் லீடர் இல்லை, திண்டிவனத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ போடுகிறேன். அன்றைக்கே உங்கள் அப்பாவுக்கும் போன் பண்ணி இதையே சொன்னேன். "சரிம்மா" என்றார். மகாராஜா வீட்டு நம்பரையும் அவரிடமே வாங்கி, அங்கேயும் சொல்லிவிட்டேன்.

நல்லவள் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. என்னை வெறுக்க உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் நீ பஸ் ஏறி வந்தாய். அதை உன்னிடம் விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

இனிமேல் எழுத மாட்டேன். பாண்டிச்செல்வியிடமும் என்னைப் பற்றிக் கேட்காதே.

ஷாரோன்

பின்குறிப்பு: உன் குரல் நன்றாகத் தெளிந்துவிட்டது. அன்றைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து பேசினாய், பலிபீடம் வரைக்கும் கேட்டது.