கோர்ட்டில் உங்கள் பேரைச் சொன்னேன்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக உங்கள் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் பால் கறக்கிறேன். சேலைக்கு மேலே கோட்டு, தலையில் உங்கள் ரயில்வே தொப்பி. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்னக்கா, கார்டு வேலைக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றாள். "ஆமா, உன் வீட்டுக்காரர் ஓட்டுற ரயிலுக்குத்தான். கொடி காட்ட எவனும் வரமாட்டேங்கிறானாம்" என்றேன். அதோடு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வேறு வழி இல்லை. நீங்கள் போன மறுநாளே நம் மாடு ராஜாத்தி பாலை அடக்கிக்கொண்டாள். தவிடு வைத்தேன், தடவிக்கொடுத்தேன், உங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒருநாள் விடிகாலை மழைக்குளிருக்கு உங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கைப்பக்கம் மோந்து பார்த்தாள். உடனே பால் இறங்கிவிட்டது. கரியும் எஞ்சின் எண்ணெயும் உங்கள் வேர்வையும் கலந்த அந்த வாசனையில் மாடு ஏமாந்துபோகிறது. சில நாள் நானும்தான். அதனால் இன்றுவரை அந்தக் கோட்டைத் துவைக்கவில்லை.

இன்று காலையும் அந்த வாசனைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். உள்பையில் கோர்ட்டு முத்திரை குத்திய காகிதம் முள்ளாகக் குத்தியது. உங்களைப் பற்றிய காகிதம், உங்கள் பையிலேயே இருக்கட்டும் என்று நான்தான் அங்கே வைத்தேன். அது வந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எஸ்டேட் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் வீடும் கொட்டகையும் நிற்கிற துண்டு நிலம் உங்கள் பேரில் இருந்தது. செத்தவர் பேரை மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டு உத்தரவு வேண்டும் என்று நில ஆபீசில் சொல்லிவிட்டார்கள். படாங்குத் திடலுக்கு எதிரே மணிக்கூண்டு வைத்த கட்டடம் இருக்கிறதே, வேடிக்கை பார்க்கப் போனபோது, "இதுக்குள்ள போனா நாம தொலைஞ்சே போயிருவோம்" என்று சிரித்தீர்களே, அங்கே தனியாக ஐந்து தடவை போய்வந்தேன். முதல் தடவை, சாவுப் பத்திரம் எங்கே என்றார்கள். அடுத்த தடவை கொண்டுபோனேன், கல்யாணப் பத்திரம் எங்கே என்றார்கள். கிள்ளான் பக்கத்து எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினால் யார் பத்திரம் எழுதுகிறார்கள்? கட்டி வைத்த கங்காணியும் இப்போது உயிரோடு இல்லை, பூசாரியும் இல்லை.

மூன்றாம் தடவை போனபோது கிள்ளானிலிருந்து உங்கள் சித்தப்பா மகன் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நமக்குப் பிள்ளை இல்லை. நான் மனைவி இல்லை என்று ஆகிவிட்டால் வீடு அவருக்குத்தான். "அண்ணனுக்குக் கல்யாணமே ஆகலை. இது சமைச்சுப் போட வெச்சிருந்த பொம்பளை" என்று என் கண்ணெதிரே சொன்னார்.

"ஏன் தம்பி, அன்னைக்குப் பந்தியில மூணு வாட்டி பாயசம் கேட்டு வாங்குனீங்களே, அது என்ன கருமாதிப் பாயசமா?" என்றேன்.

மொழிபெயர்க்கிற யாழ்ப்பாணத்து ஐயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் அதை விசாரிக்கிற வெள்ளைக்காரத் துரைக்குச் சொல்லவில்லை.

நான் சத்தியம் செய்கிற நாள் ஐந்தாம் தடவை வந்தது. முதல் கேள்வியே, இறந்தவர் பேர் என்ன?

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புருஷன் பேரை வாயால் சொன்னால் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். உங்களுக்குத்தான் தெரியுமே. பதினெட்டு வருஷமும் "இந்தாங்க"தான். "பத்துமலைச் சாமி பேருங்க" என்றேன். ஐயா பொறுமையாக அந்தச் சாமியின் பேர்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் சொன்னார், உங்கள் பேரைத் தவிர. "உங்க சாமிக்கு வேற பேரே இல்லையாம்மா?" என்று அவரே களைத்துப்போனார்.

தம்பி எழுந்துவிட்டார். "பாத்தீங்களா? புருஷன் பேரே தெரியலை. இது பொண்டாட்டியாம்!"

ஐயா என் பக்கம் குனிந்து, "அம்மா, சத்தியம் செய்யிறவை தங்கட வாயாலைதான் சொல்ல வேணும். இண்டைக்குச் சொல்லாட்டி துரை மனுவைத் தள்ளுபடி செய்துபோடுவார். வீடும் போயிடும்" என்றார்.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் இது கிராமத்துக்காரியின் கூச்சம் என்று நினைத்தார்கள். என் வாயைக் கட்டியது வேறு. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

தகரக்கூரையில் மழை அடித்த அந்த மத்தியானம். நீங்கள் வேலைக்குப் போகாமல் படுத்துக்கொண்டு என்னை வம்புக்கு இழுத்தீர்கள். "ஏண்டி, மாட்டுக்குக்கூடப் பேர் வெச்சுக் கூப்புடுறே. எனக்கு மட்டும் இந்தாங்கதானா?"

"மாடு பால் குடுக்குது. நீங்க என்ன குடுத்தீங்க?"

"ஒரே ஒரு தடவை சொல்லு. மழைச் சத்தத்துல எமனுக்குக் கேக்காது."

விளையாட்டாகத்தான் காதில் வாய் வைத்துச் சொன்னேன். எவ்வளவு சிரித்தீர்கள்! "இன்னொரு தடவை" என்று கெஞ்சினீர்கள். மாட்டேன் என்று ஓடிவிட்டேன். நாலாம் நாள் காய்ச்சல். எட்டாம் நாள் நீங்கள் இல்லை. கொசுதான் காரணம் என்றார் டாக்டர். கொசுவுக்கு உங்கள் பேர் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தப் பேரைத்தான் மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொல்லாவிட்டால் உங்கள் வீடு போகும். சொன்னால் என்ன போகும் என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்குச் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொன்னேன்.

"பலமாச் சொல்லுங்கோ. துரைக்குக் கேக்கேல்லை."

மூச்சை இழுத்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய கூடத்தில் உங்கள் பேர் போய் முட்டித் திரும்பி வந்தது. யாரையாவது கூப்பிட்டால் வருகிற வழியைத்தானே பார்ப்போம்? நான் வாசலைப் பார்த்தேன். நான் பார்த்ததும் ஐயா பார்த்தார். துரையும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்தார். கதவு திறந்தே கிடந்தது. வெளியே வெயில், யாரும் இல்லை. ஆனால் கரியும் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. அன்று நான் கோட்டுப் போடவில்லை. பக்கத்தில்தான் ரயில் ஓடுகிறது, அதன் வாசனையாக இருக்கலாம்.

தம்பியின் முகத்தில் ரத்தம் இல்லை. வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், "போதும்லா, அண்ணி! கூப்பிடாதீங்க அண்ணி!" என்று கத்திவிட்டார்.

ஐயா நிதானமாக எழுந்து நின்று, இந்த மனிதர் இந்த அம்மாவை அண்ணன் மனைவி என்று இரண்டு தடவை அழைத்தார் என்று துரையிடம் சொன்னார். அது எனக்கே புரிகிற இங்கிலீஷாக இருந்தது. துரை எழுதிக்கொண்டார். தம்பி ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது வாசலை ஓரமாக ஒட்டி, யாருக்கோ வழி விடுகிற மாதிரி போனார்.

வீடு நின்றது. காகிதம் உங்கள் பையில் இருக்கிறது. உங்கள் பேர் மட்டும் என் வாயை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அரிசி களையும்போது நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். முதல் தடவை போய்விட்டீர்கள். இரண்டாம் தடவை வந்தீர்களா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் எத்தனை நாள் இருப்பது?

அதனால் இன்று காலை, கறந்துகொண்டே, கோட்டுக் காலரில் வாயைப் புதைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகச் சொன்னேன்.

ராஜாத்தி அசைபோடுவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பி, என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் திரும்பவில்லை.

பிறகு வாளியை உதைத்தாள். முழுப் பாலும் கொட்டிவிட்டது. நம்மிடம் பால் வாங்குகிற மூன்று வீடுகளிலும் இன்று வரக்காப்பி.