அந்தோனியார் முன்னால் ஒரு சத்தியம்

கொட்டாஞ்சேனை
19.02.1997

அன்பு மகள் பிறிஜெற்றுக்கு,

மாதாவின் தயவால் நான் நடமாடுகிறேன், நீயும் லண்டன் குளிரைத் தாங்கிச் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உன் தங்கச்சி யோசெப்பினின் பிள்ளை வயிற்றிலேயே செத்தது என்று டெலிபோனில் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. இரத்தம் சோதித்த டொக்டர் அது சிபிலிஸ், புருஷனிடமிருந்து வந்தது என்றார். அவள் புருஷன் ஹியூபேட் மன்னாரிலிருந்து துறைமுக வேலைக்கு வந்து, கலியாணம் வரை முகத்துவாரத்தில் ஊர்ப் பெடியன்களோடு ஒரே அறையில் இருந்தவன், உன்னைக் கட்டப்போகும் றேமண்டும் அதே அறைதான். சம்பள நாளில் எல்லாரும் சேர்ந்து எந்த வீட்டுக்குப் போவார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். புண் வந்ததும், கிளினிக்குக்குப் போனால் வடக்கிலிருந்து வந்தவன் என்று பொலிஸ் பதிவுத் துண்டு கேட்பார்கள் என்று பயந்து, அறைக்கு வந்து ஊசி போடும் ஒருவனிடம் ஒரேயொரு ஊசி போட்டுக்கொண்டு, புண் ஆறியதும் நோயும் போய்விட்டதென்று என் பிள்ளைக்குத் தாலி கட்டியிருக்கிறான்.

இதற்குள் அவன் தாய் வவுனியாவில் ஆமியிடம் பாஸ் எடுத்து வந்து, துக்கம் கேட்க வந்த சனத்துக்கு முன்னால், கொழும்புப் பெட்டையின்ரை ரத்தம் கூடாது, அதுதான் பிள்ளை தங்கேல்லை என்றாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே சனத்துக்குக் கோப்பி கொடுத்தான். அடுத்த செவ்வாய் நொவேனாவுக்கென்று தாயையும் மகனையும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அந்தோனியார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்று அவனுக்கும் தெரியும். கொளுத்திய மெழுகுதிரியைக் கையில் கொடுத்து, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இருந்ததில்லை எண்டு அம்மாவுக்கு முன்னால சத்தியம் பண்ணும் தம்பி என்றேன். அவன் திரியை ஊதி அணைத்து என் கையிலேயே திருப்பித் தந்தான். தாய்க்காரி விளங்கிக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடினாள். எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன், இனித்தது. இப்போது அவனுக்கும் யோசெப்பினுக்கும் கிளினிக்கில் கிழமைக்கு ஒரு ஊசி, ஒருவரும் பொலிஸ் பதிவு கேட்கவில்லை. அவன் நொண்டி நொண்டி வருவதைப் பார்க்கவே நானும் கூடப் போகிறேன். யோசெப்பின் அவனுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி உன் விஷயம். றேமண்டுக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் உன்னிடம் வருகிறான். ஞாயிறு பூசை முடிய அவனைப் பிடித்து, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு வாரும் என்றேன். ஓம் மாமி, கட்டாயம் வாறன் என்றான். நேற்று நொவேனா முடிந்து சனம் கலையும்வரை மெழுகுதிரியோடு வாசலில் நின்றேன். அவன் வரவில்லை.

அந்தோனியார் உன்னைக் கைவிடமாட்டார் மகள், நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே அவன் இரத்தத்தைச் சோதித்து முடிவு வரும்வரை அவனைக் கிட்ட விடாதே, மறந்துவிடாதே. அந்த மெழுகுதிரியை முறுக்குப் பார்சலுக்குள் வைத்து அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். வந்து இறங்கியதும் கொளுத்தி, அவன் கையில் கொடுத்துவிட்டு அதே சத்தியத்தைக் கேள்.

உன் அம்மா,
நேசமலர்