மருத்துவரிடம் நீ சொன்ன பதில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடலளவில் நலம். நீ நலமா என்று நான் கேட்பதை இம்முறை வழக்கமான வரியாக எடுத்துக்கொள்ளாதே, பதில் வேண்டும். தொலைபேசியில் என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விடுவதில்லை நீ. ஆகையால் கைப்பட எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், உட்கார்ந்து படி. இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தவள், மருத்துவர் தந்த மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் வாரமே எழுந்துவிட்டாய் என்று இங்கே ஒரே கொண்டாட்டம். எம்பொண்ணு பழையபடி ஆயிட்டா, நீங்க கண்ணு வைக்காதீங்க என்று அம்மா என்னை அதட்டுகிறாள். எனக்கோ கொண்டாட மனம் வரவில்லை. பதினோரு நாளாக மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை, களைப்பே இல்லை என்று பெருமை பேசுகிறாய். வாடகை அறைச் சுவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு தடவை வண்ணம் அடித்திருக்கிறாய். கட்டட வரைபட அலுவலக வேலையை ஒரு சாப்பாட்டு இடைவேளையில் உதறிவிட்டாய். நேற்று முற்பகலில் மட்டும் நாற்பத்து மூன்று குரல் செய்திகள். எல்லாருக்கும் மூட் மாறத்தானேப்பா செய்யும் என்கிறாய். மாறும். கெட்ட சேதிக்குச் சோர்வோம், நல்ல சேதிக்குக் குதிப்போம், நாலு நாளில் தணிந்து பிழைப்பைப் பார்ப்போம். முப்பது ஆண்டு கொதிகலன்களைச் சோதித்தவன் நான், அழுத்தமானியின் முள் ஏறி இறங்குவதைக் கண்டு அஞ்சுகிறவனல்ல. காரணமின்றி ஏறி, நாள்கணக்கில் இறங்காமல், தூக்கத்தையும் வேலையையும் நிதானத்தையும் விழுங்குகிறதே, அதற்குத்தான் அஞ்சுகிறேன். உன்னை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றேன். சிரிச்சாலும் டாக்டர் அழுதாலும் டாக்டர்னா, கொட்டாவிக்கும் ஒருத்தரைப் பாத்து வச்சுக்குங்க மச்சான் என்று உன் மாமா நக்கலடித்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கேயே இருந்திருந்தால் உறவு அறுந்திருக்கும்.

குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் உண்டா என்று மருத்துவர் கேட்டதாகவும், இல்லை என்று நீ எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னாய். அந்தப் பொய் எங்களுடையது. நாங்கள் காத்தாடி என்று கேலி செய்த உன் சித்தப்பா மாரடைப்பால் சாகவில்லை. மாதக்கணக்கில் பேச்சற்ற சோர்வு, திடீரென்று தூக்கமற்ற உற்சாகம், மறுபடி சோர்வு. இருமுனை மனநோய் என்று மருத்துவர் எழுதிய தாளை, வீட்டில் பெண் வளர்கிறாள், நாளை சம்பந்தம் பேச வருபவர்கள் பின்வாங்குவார்கள் என்று நான்தான் மடித்துப் பெட்டிக்கடியில் வைத்தேன். மூன்றாவது சரிவில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மாரடைப்பு என்ற சொல்லையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்; அம்மாவும் மாமாவும் தலையாட்டினார்கள். சோதனைப் பதிவேட்டில் பொய் எழுதிய இருவரை வேலையிலிருந்து நீக்கியவன் நான். என்னை நீக்க இந்த வீட்டில் ஆளில்லாமல் போயிற்று.

நேற்று இங்கே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். உன்னைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் இத்தகைய குடும்ப வரலாறு உள்ளவர்களில் சிலரைச் சோர்வுக்கான மாத்திரையே அளவுக்கு மீறிய உற்சாகத்துக்குத் தூக்கிவிடக்கூடுமாம். நாள் தள்ளாதீங்க சார் என்று வாசல்வரை வந்து சொன்னார். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, நீயாகக் கூட்டவும் செய்யாதே. இன்றே உன் மருத்துவரிடம் போ. அவர் கிடைக்காவிட்டால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போ. நான் வியாழக்கிழமை அங்கே வந்து இறங்குகிறேன், அதற்கு உன் அனுமதியைக் கேட்கவில்லை. என்மீது எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, நியாயம்தான். மருத்துவரைப் பார்த்த பிறகு கோபப்படு.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அம்மா. மறக்காதே, குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா என்ற அந்தக் கேள்வியை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீயே சொல்: ஆம், என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பிக்கு.

இதை உன்னிடம் இத்தனை ஆண்டு மறைத்த,
உன் அப்பா