மச்சான் பிடித்த கயிறு

மச்சான்,

இன்று காலை துறைமுகத்தில் என் கைத்துணி ஒரு கம்பிக் கயிற்றில் மாட்டிக்கொண்டது.

எல்லைக்குப் போகிற ராணுவப் புல்டோசர்கள் நான்கு, தார்ப்பாய் போர்த்தி டிரெய்லர்களில் நிற்கின்றன. வடக்கே மறுபடியும் சண்டை மூளும் என்கிறார்கள். பழைய பட்டாளத்துக்காரன் என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். தார்ப்பாயைத் தூக்கியதும் கிரீஸும் காய்ந்த இரும்பும் கலந்த அந்த வாடை வந்தது. பெயருக்கு ஒரு ஜன்னல், தடித்த கண்ணாடி, ஒற்றை ஆளால் அசைக்க முடியாத கதவு. நீங்கள் உட்கார்ந்திருந்த அதே கூண்டு. பின்னால் வின்ச் என்னும் இழுவை உருளையிலிருந்து கயிற்றை இழுத்து, துணியால் பொத்திப் பிடித்து ஓட்டினேன். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியைக் கவ்விவிடும் அல்லவா? கவ்வியது.

நம் கரையில் முத்துக்குளித்த காலத்தில், கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காள் தாலி அதில் தொங்குகிறது, கை தளராது என்று நம்பிக்கை. முத்து போயிற்று, வழக்கமும் போயிற்று. ஆனால் ஒரே படைப்பிரிவில் உங்களுக்கு ஒரு புல்டோசரும் எனக்கு ஒன்றும் கொடுத்தபோது நீங்கள் அதை விடவில்லை. "ஏலே மச்சான், முத்து கெடச்சா பாதி ஒனக்கு. கயித்த மட்டும் விட்டுராத" என்பீர்கள். ஊர்க்கதை தெரியாதவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

போன சண்டையில் அன்று காலை பனி விலகவில்லை. ஆற்றைக் கடக்க வண்டிகள் வரிசையில் நின்றன. செங்குத்துக் கரையை வெட்டிச் சரிக்க உங்கள் புல்டோசர் இறங்க வேண்டும்; மேலே நிற்கும் என் வின்ச் உங்களைப் பின்னாலிருந்து தாங்க வேண்டும். குண்டு விழும் சத்தம் ஒவ்வொன்றாக நெருங்கி வந்தது. துணியை ஓட்டினேன். இரண்டு இடத்தில் மாட்டியது. மாற்றுக் கயிறு வர அரை நாள் ஆகும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவை மூடும் முன் கேட்டீர்கள்: "கயிறு எப்பிடில இருக்கு?"

"நல்லாருக்கு மச்சான்."

பாதிக் கரையில் அது அறுந்தது. புல்டோசர் மூக்குக் குத்தி ஆற்றுக்குள் போனது. குண்டு துளைக்காத அந்தக் கதவை எங்களாலும் திறக்க முடியவில்லை. உள்ளிருந்து நீங்கள் தட்டியது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கயிறு அறுந்துபோயிற்று என்று மட்டும்தான் அக்காவிடம் சொன்னேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "நீ கயித்தப் பிடிச்சிருந்தியே, அது போதும்ல" என்பாள். அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

இன்று மேற்பார்வையாளர் சொன்னார்: "அண்ணாச்சி, ஒரு இழதான? அங்கன போயி மாத்திக்கிடுவாவ. வண்டி கெளம்பட்டும்."

"எறங்கப்போறவன்கிட்ட இத யாரு சொல்லுவா?" என்று கத்தினேன். துறைமுகமே திரும்பிப் பார்த்தது. புதுக் கயிறு வராமல் அந்த வண்டி நகராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

மீன் அரிந்துகொண்டிருந்தாள். துணி மாட்டியதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"அவியளுக்குத் தெரியுமால?"

"மச்சானுக்குத் தெரியாதுக்கா. நல்லாருக்குன்னுல்லா சொன்னேன்."

அரிவாள்மனையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப பயப்படாமத்தான் எறங்கியிருக்காவ. ஒன்ன நம்பி."

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டவில்லை. அந்தத் துணி இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, மச்சான்.