கியூடெக்ஸ் வைத்த துளை

“விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டர் நம்மட கருவாட்டுத் தராசோட கதைக்குமா புள்ள?” என்று அன்று கேட்டீர்களே, நானா. கதைக்கிறது! விண்டோஸ் போல நடிக்கும் ஒரு மென்பொருளுக்குள் தராசின் புரோகிராமை ஓடவிட்டிருக்கிறேன். உப்புக் காற்றுக்குப் பயந்து நீங்கள் இரவில் தராசின் வயரைக் கழற்றி, காலையில் கம்ப்யூட்டரின் வேறு துளையில் செருகுவதுதான் கோளாறு. துளை மாறினால் அந்த நடிகருக்குத் தராசைத் தெரியாது. சிவப்புக் கியூடெக்ஸ் வைத்த துளையில் மட்டும் செருகுங்கள். நகத்தில் பூசியதற்கு இந்தத் தங்கச்சியை நீங்கள் ஏசிய அதே கியூடெக்ஸ்தான்.

பாண் மேசையில் இருக்கிறது. தொட்டுக்கொள்ள மீன் ஆணத்தைச் சூடாக்குங்கள்.

கடிதத்தின் அடியில் ஒன்று: பாலாவியில் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்கு வேலை கேட்டுப் போகிறேன். பள்ளிக்கூடத்தைப் போல இதைப் பாதியில் விடமாட்டேன். நேரில் சொன்னால் மறிப்பீர்கள். உங்கள் கட்டிலருகே வந்து நின்றேன். எழுப்பாமலே போகிறேன்.