இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஜூலை 3, வியாழன்

பைக்கின் பின் டயர் வழுக்கையாகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றி, வாடகை ஜீப்பில் போட்டுக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். புது டயர் போட்டு வந்து நானே மாட்டினேன். "பொம்பளைக்கு எதுக்குடி நட்டும் போல்ட்டும்?" என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள். தினமும் அவள் வீட்டுப் பாலையும் சேர்த்து சொசைட்டிக்குக் கொண்டுபோவது யாராம்?

இந்த வேலையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்ப்பது. ஏலத்தோட்டத்தில் வேலை குறைந்ததும் கஞ்சிக்கோட்டு இரும்புக் கம்பெனிக்குப் போனார். மாதம் ஒருமுறை வருவேன் என்றார். பங்குனியில் போனவர், ஆடி பிறக்கப்போகிறது, ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஜூலை 5

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பால் கேன் அந்தப் பக்கம் தொங்குகிறதே, அதன் கனம்தான் என்று நேற்றெல்லாம் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டினேன். இன்று கேனை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் இழுத்தது. அட மக்கு! சக்கரமே கோணலாக நிற்கிறது.

அவரிடம் போனில் சொன்னேன். "நீ தொடாத. நாளைக்கு வாரேன், நான் பாத்துக்கிடுதேன்."

நாளைக்கே!

ஜூலை 6, ஞாயிறு

கோழிக் குழம்பு வைத்தேன். வரவில்லை. "லீவு தரல புள்ள, ஆள் கம்மி" என்று போனில் சொன்னார். பின்னால் கூடத் தங்கியிருக்கும் அறைக்காரர்களின் சிரிப்புச் சத்தம். அங்கேயே பழகிவிட்டதா அவருக்கு? இங்கே நான் பேசினால் கேட்க மாடுதான் இருக்கிறது. இப்படியே வராமல் இருந்துவிடுவாரோ— அதுதான் பயம். வேறொன்றுமில்லை.

ஜூலை 7

மழை. பேச யாருமில்லை.

ஜூலை 8

எத்தனை நாள் காத்திருப்பது? நானே உட்கார்ந்தேன். பின் சக்கர அச்சின் இரு பக்கமும் உள்ள அளவுக் கோடுகளை ஒன்றுபோல வைத்தும் இழுத்தது. அந்தக் கோடுகளை நம்பக் கூடாது என்று அவர் எப்போதும் சொல்வார். ஏலக்காய் மூட்டை தைக்கும் சணலை எடுத்துப் பின் சக்கரத்தைச் சுற்றி, இரு பக்கமும் முன் சக்கரம்வரை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு ஆள் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும். நான் மாட்டுத் தொழுவத் தூணில் கட்டினேன். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தொய்ந்தது. அச்சின் இரு பக்கத் திருகையும் மாற்றி மாற்றித் திருகி, ஒருவழியாகச் சக்கரத்தை நேராக்கினேன்.

கடைசி நட்டை முறுக்கும்போது பிரேக்கை மிதித்தபடியே இருக்க வேண்டும். யார் மிதிப்பது? அம்மிக்குழவியைப் பெடலோடு சேர்த்துக் கட்டினேன். பார்க்கச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

வண்டி இப்போது நூல் பிடித்த மாதிரி போகிறது. யாரிடம் சொல்ல?

ஜூலை 9

"வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் இழுக்கு. நீங்க வந்தாத்தான் சரிவரும்."

வாயில் அப்படி வந்துவிட்டது. "சரி, சனிக்கிழமை பஸ் ஏறுதேன்" என்றார்.

ஜூலை 12, சனி

பால் ஊற்றிவிட்டு வந்ததும் நட்டைத் தளர்த்தி, இடப்பக்கத் திருகைத் திருகிவிட்டேன். பாடுபட்டுச் சரிசெய்ததை என் கையாலேயே கெடுத்தேன். வெட்கம்கெட்டவள். இருக்கட்டும். வந்தால் போதும்.

ஜூலை 13, ஞாயிறு

வந்தார். இளைத்திருக்கிறார். காபிகூடக் குடிக்காமல் சக்கரத்தடியில் உட்கார்ந்தார். நட்டில் ஸ்பேனர் பட்ட தடம் புதிதாகப் பளபளத்தது. விரலால் தடவினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிரேக்கை மிதி" என்றார். மிதித்தேன். முறுக்கினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சரியாப் போச்சு" என்றார். இனி என்ன, சாயங்காலப் பஸ்தான்.

சாப்பிட்டுவிட்டுப் பையை எடுத்தார். வண்டிப் பக்கத்தில் போய் நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இந்த பேரிங்ல சத்தம் கேக்கு. ரெண்டு மூணு நாள் ஆகும்போல."

அந்த பேரிங் போன மாதம் வர்க்ஷாப்பில் புதிதாகப் போட்டது. அன்றைக்கே போனில் அவரிடம் சொல்லியிருந்தேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆமா, எனக்கும் கேக்கு" என்றேன்.