மாதா சப்பரத்தின் முன்கழி

அன்புள்ள அண்ணா,

நீ போய் இரண்டு திருவிழா முடிந்துவிட்டது. பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் புதிதாகக் கல் பதித்துவிட்டார்கள். உன் ரத்தம் கிடந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கல்லைப் பெயர்த்து எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வருகிறது.

உனக்குத் தெரியாததா? சப்பரத்தைத் தோளில் தூக்கும்போது முன்கழி கிழக்குத் தெருக்காரர்களுக்கு, பின்கழி நம் தெருவுக்கு. யார் வைத்த வழக்கமோ, இத்தனை காலமாக அப்படித்தான். அந்தத் திருவிழா அன்று சாயங்காலம் கொடிமரத்தைத் தாண்டும்போது முன்னால் ஒருவனுக்குக் கால் பிசகியது. மாதா சுரூபத்தோடு சப்பரம் சாய்ந்தது. நீ ஓடிப்போய் முன்கழிக்குத் தோள் கொடுத்தாய். சப்பரம் நிமிர்ந்தது.

இறக்கி வைத்ததும் கிழக்குத் தெரு பவுல்ராஜ் உன் சட்டையைப் பிடித்தான். உன்னோடு பத்தாவது வரை படித்தவன். "பின்னால தூக்கறவனுக்கு முன்னால இன்னாடா வேல?" என்று கேட்டுக்கொண்டே உருட்டுக்கட்டையால் மண்டையில் அடித்தான். நீ தடுத்தாய், கை ஒடிந்தது. கீழே விழுந்த பிறகும் நாலைந்து பேர் நெஞ்சில் மிதித்தார்கள். பேண்டு வாத்தியம் நிற்கவே இல்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டாய். ரொம்ப வலித்ததா அண்ணா? நான் பேசியதெல்லாம் கேட்டதா?

அவன் ஜாமீனில் இருக்கிறான். நீ மாதாவைத் தள்ளிவிட வந்தாய் என்று சொல்லித் திரிகிறான். பாதி ஊர் அதை நம்புகிறது.

போன ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில், ஆண்கள் வரிசையிலிருந்து அவன் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். நான் கூப்பவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவையும் என்னையும் மைதானத்தில் மறித்தான்.

"ஒங்கண்ணன் கலாட்டா பண்ணத்தான் வந்தான். கோர்ட்டுல அத்த சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி. எவ்ளோ நாளு அலைஞ்சிக்கினு இருப்பீங்க?"

என் கை செருப்பைத் தேடியது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எங்கண்ணன் தானா வர்ல. மாதா சாயறத பாத்துட்டு நான்தான் கத்தினேன். முன்னால போயி தோளு குடுண்ணான்னு நான்தான் சொன்னேன்."

இரண்டு வருடமாக அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. நான் கத்தாமல் இருந்திருந்தால் நீ பின்கழியிலேயே நின்றிருப்பாய். அம்மா எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தாள். காது அடைத்துப் போனது. இன்னொரு அறை விட்டாள். பிறகு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவனிடம் திரும்பினாள்.

"இத்தயேதான் எம்பொண்ணு கோர்ட்டுலயும் சொல்லும். வழிய வுடு."

அதற்குப் பிறகு அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் நாளைக்கு விழுப்புரத்துக்கு என்னோடு வருகிறாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே சாட்சி சொல்வேன். உன்னை அனுப்பியவள் நான், கொன்றவன் அவன். எந்த வக்கீல் எப்படி மடக்கினாலும் இந்த இரண்டில் ஒன்றையும் மாற்ற மாட்டேன் அண்ணா.

உன் தங்கச்சி,
ஸ்டெல்லா